குழந்தையை வீட்டிலேயே படிக்கவைத்தால் சட்டம் என்ன சொல்கிறது?

ஆடி மழை பிடித்துக்கொண்டால் நீலகிரியின் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துத் தோட்ட லயன்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இந்தக் கேள்வி எழும்: "பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்தால் என்ன?" பாதையில் யானை நிற்கும், பஸ் வராது. ஊட்டியில் குடியேறி, பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோரும் இதையேதான் கேட்கிறார்கள், காரணம்தான் வேறு.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவச, கட்டாயக் கல்வி என்கிறது. அதில் 'கட்டாயம்' என்பது முதலில் அரசின் பொறுப்பு. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று பிரிவு 10 சொல்கிறது. சேர்க்காவிட்டால் தண்டனை என்று இச்சட்டத்தில் ஏதும் இல்லை. ஆக, வீட்டுக்கல்வியைத் தடுப்பாரும் இல்லை, தாங்குவாரும் இல்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தை வீட்டிலிருந்தே படிப்பதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமையாகவே தந்திருக்கிறது. அதற்கு உங்கள் ஒன்றியத்தின் கல்வி உதவி அலுவலகமான வட்டார வள மையத்தில் கேளுங்கள். ஆனால் வீடா பள்ளியா என்ற முடிவு உங்களுடையது. "வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று பள்ளி கைகழுவ முடியாது.

தூரம்தான் தடை என்றால் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டரிலும், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டரிலும் பள்ளி இருக்க வேண்டும் என்பதே மத்திய அரசு விதி. பள்ளி அமைக்க முடியாத சிற்றூர்களுக்கு வாகனமோ விடுதியோ தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் படித்த பிள்ளை பிறகு பள்ளிக்கு வர விரும்பினால் பிரிவு 4 கைகொடுக்கும்: வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பள்ளிக்கே திரும்பாதவர்கள், 14 வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

என் கணக்கில் முக்கியமான வாசல் ஆறாம் வகுப்பு. அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீடும், கல்லூரி செல்லும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பள்ளியைத்தான் பார்க்கின்றன. ஒன்றாம், இரண்டாம் வகுப்பை வீட்டில் முடித்தால் இவற்றில் எதுவும் குறையாது. ஏழாம் வகுப்பு வரை வீட்டில் வைத்திருந்து எட்டில் சேர்த்தால், அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.