ரெஃபரன்ஸ் வோல்டேஜ் ஆடுகிறதா? ஐசியை உடனே கழற்றாதீர்கள்

போர்டில் ரெஃபரன்ஸ் வோல்டேஜ் (மற்ற வோல்டேஜ்களை அளக்க அளவுகோலாக வைக்கும் வோல்டேஜ்) நிலையாக நிற்கவில்லை என்றால் பலரும் முதலில் கை வைப்பது ரெஃபரன்ஸ் ஐசியில்தான். மாற்றிய பிறகும் அதே ஆட்டம். அப்புறம் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி), அப்புறம் மைக்ரோகன்ட்ரோலர் என்று வரிசையாகக் கழற்றி, கடைசியில் கால்களைச் சோல்டர் செய்யும் செம்புப் பேட் உரிந்த போர்டுதான் மிஞ்சும். நான் பார்த்த வரையில் ஐசியே பழுதானது குறைவு. சுற்றியிருக்கும் ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

மல்டிமீட்டர் இங்கே நன்றாக ஏமாற்றும். டிசி ரேஞ்சில் அது சராசரியைத்தான் காட்டும். 2.495 என்று அசையாமல் நிற்கும்; உள்ளே இருபது மில்லிவோல்ட் அலைந்துகொண்டிருக்கும். 2.5 வோல்ட் ரெஃபரன்ஸ் உள்ள 12 பிட் ஏடிசியில் ஒரு படியே சுமார் 0.61 மில்லிவோல்ட்தான். ரீடிங் எப்படி நிற்கும்? ஸ்கோப்பை, ஆட்டத்தை மட்டும் காட்டும் ஏசி கப்ளிங்கில் வைத்து, ஐசியின் காலிலேயே பாருங்கள். புரோபின் நீளமான கிரவுண்டு வயரைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் கிரவுண்டு போடுங்கள். இல்லையென்றால் பக்கத்து ஸ்விட்சிங் சப்ளையின் இரைச்சலை அந்த வயரே பிடித்துக் காட்டும், பழி ரெஃபரன்ஸ் மேல் விழும்.

அடுத்தது மின்னோட்டம். டிஎல்431 என்ற 2.5 வோல்ட் ரெஃபரன்ஸ் ஐசி ஒழுங்காக வேலை செய்ய, கேத்தோடில் குறைந்தது 1 மில்லிஆம்பியர் கொடுக்க வேண்டும். 5 வோல்ட் சப்ளையிலிருந்து 4.7 கிலோஓம் வழியாகக் கொடுத்தால் கிடைப்பது 0.53 மில்லிஆம்பியர். அதிலும் லோடு எடுப்பது போக மீதிதான் ஐசிக்கு. சிக்கல் என்னவென்றால், பல ஐசிகள் 0.4 மில்லிஆம்பியரிலேயே சமாளித்துவிடும். அதனால் பத்து போர்டில் சில மட்டும் ஆடும். ஐசியை மாற்றினால் சரியானது போலவும் தெரியும். உண்மையில் மாற்ற வேண்டியது ரெசிஸ்டரை. 1 கிலோஓம் போட்டால் 2.5 மில்லிஆம்பியர் கிடைக்கும்.

கெப்பாசிட்டர் இன்னொரு பொறி. இரைச்சல் தெரிந்ததும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றை ஒட்டிவிடுவது நம் வழக்கம். டிஎல்431-இல் அதுவே அலைவைக் கிளப்பிவிடலாம். எந்த மதிப்பில், எந்த மின்னோட்டத்தில் அலையும் என்று டேட்டாஷீட்டில் தனியாக ஒரு வரைபடமே உண்டு. அதை யாரும் திறப்பதில்லை! மறுபக்கம், அவுட்புட் கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் நிலைக்காத சீரிஸ் ரெஃபரன்ஸ்களும் இருக்கின்றன. எல்எம்4040 போன்றவற்றுக்கு அது தேவையே இல்லை. ஆக, பொது விதி கிடையாது. சந்தேகமிருந்தால் கெப்பாசிட்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு ஸ்கோப்பைப் பாருங்கள்.

ஏடிசி சாம்பிள் எடுக்கும்போது மட்டும் கூர்முனைகள் வருகிறதா? மென்பொருளில் கன்வெர்ஷனை நிறுத்திப் பாருங்கள். அடங்கிவிட்டால், ஏடிசியின் ரெஃபரன்ஸ் காலுக்கு ஒட்டினாற்போல் கெப்பாசிட்டர் இருக்கிறதா, ரெஃபரன்ஸால் அந்த லோடைத் தாங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மெதுவாக நகர்ந்தால் வெப்பம்தான்: டிகிரிக்கு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) மாறும் 2.5 வோல்ட் ஐசி 20 டிகிரி சூடானால் 2.5 மில்லிவோல்ட் நகரலாம். பக்கத்தில் ரெகுலேட்டர் கொதிக்கிறதா பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஆடினால், சரி, ஐசியை மாற்றுங்கள். ஒன்று மட்டும்: எஸ்ஓடி-23 என்ற சின்ன மூன்று கால் வடிவில் டிஎல்431-க்கும் டிஎல்432-க்கும் கேத்தோடு, ரெஃபரன்ஸ் கால்கள் இடம் மாறியிருக்கும். சோல்டர் வைக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.