டெர்மினல்: முனையம் என்று சொல்வதுதான் சரியா?

முனையம் என்றதும் இப்போது பலருக்கும் கிளாம்பாக்கம் பேருந்து முனையம்தான் நினைவுக்கு வருகிறது. கணினி டெர்மினலுக்கும், அதாவது தூரத்துக் கணினியோடு கம்பியால் இணைக்கும் திரையும் கீபோர்டும் கொண்ட கருவிக்கும், அதே சொல்தான். அது எவ்வளவு பொருத்தம் என்பது, படம் வராத பழைய டெர்மினல் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

புதுச்சேரியில் ஒரு பழைய கிடங்கைக் காலி செய்தபோது கிடைத்தது அது. முத்தியால்பேட்டையில் டிவி பழுது பார்க்கும் அண்ணனிடம் ஆட்டோவில் கொண்டுபோனேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்னு சொன்னியே தம்பி, சி.பி.யூ எங்க?" என்றார்.

"அது வேற இடத்துல இருக்கும்ணே, இது கம்பியோட முனை மட்டும்தான்."

உண்மையில் அவ்வளவுதான். 1978இல் வந்த விடி100 என்ற புகழ்பெற்ற டெர்மினலுக்குள் 8080 என்ற பிராசஸர் சிப் உண்டு, ஆனால் அதன் வேலை வந்த எழுத்தைத் திரையில் 80க்கு 24 கட்டங்களில் வைப்பதும் நாம் தட்டியதைக் கம்பி வழியே அனுப்புவதும்தான். கணக்கெல்லாம் மறுமுனையில் இருக்கும் பெரிய கணினியில் நடக்கும்.

டெர்மினல் லத்தீனின் டெர்மினஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. பொருள் எல்லை, எல்லைக்கல். ரோமானியர்கள் அந்தப் பெயரில் ஒரு எல்லைச்சாமியையே கும்பிட்டார்கள். தமிழில் எல்லை என்று மொழிபெயர்க்காமல் முனையை எடுத்துக்கொண்டது நல்ல முடிவு என்பேன். எல்லை பிரிப்பது, முனை ஒன்றின் நுனி: தெருமுனை, ஊசிமுனை, குமரிமுனை. நிலை நிலையம் ஆனதுபோல, இணை இணையம் ஆனதுபோல, முனை முனையம் ஆகிறது.

ஆனால் எல்லா டெர்மினலும் முனையம் இல்லை. பேட்டரியில் இருப்பது வெறும் முனை (நேர்முனை, எதிர்முனை). நோயில் சொல்லும் டெர்மினல் ஸ்டேஜ் இறுதிக்கட்டம்.

சரி, திரைக்கு வருவோம். சுவிட்ச் போட்டதும் இடது ஓரத்தில், நடு உயரத்தில், சின்னப் பொட்டாக ஒரு வெளிச்சம் சிமிட்டியது. கம்பி எதுவும் இல்லாமல், தட்டியதைத் தானே திரையில் காட்டும் லோக்கல் நிலையில் வைத்துத் தட்டினால் பொட்டு வலப்பக்கம் நகர்ந்து கோடாக வளர்ந்தது, என்டர் தட்டினால் திரும்ப இடது ஓரத்துக்கே வந்தது, ஆனால் கீழே இறங்கவில்லை, 24 வரிகளும் ஒரே கோட்டில் நசுங்கிக் கிடந்தன. "வெர்டிகல் போச்சு தம்பி" என்று அண்ணன் உடனே சொல்லிவிட்டார். கீபோர்டு, லாஜிக் போர்டு எல்லாம் உயிரோடு இருக்கின்றன, திரையில் எழுத்தை வரையும் எலக்ட்ரான் கதிரை மேலும் கீழும் இழுக்கும் பகுதி மட்டும் செத்திருக்கிறது. ஒரே இடத்தில் கதிர் விழுந்தால் திரையின் உட்புறம் ஒளிரும் பூச்சான பாஸ்பர் எரிந்துபோகும் என்பதால் முதலில் பிரைட்னஸைக் குறைத்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், அதை இறக்காமல் யாரும் கை வைக்காதீர்கள். காய்ந்துபோன கண்டென்சர் ஒன்றை மாற்றி, விரிசல் விட்ட சால்டரை மறுபடி உருக்கியதும் கோடு மேலும் கீழும் விரிந்து முழுத் திரையானது.

கடைசியாகப் பின்பக்கம் கணினிக் கம்பி செருகும் சீரியல் போர்ட்டில், எழுத்தை அனுப்பவும் வாங்கவும் உள்ள 2, 3 எண் பின்களை ஒரு துண்டு ஒயரால் இணைத்து, லோக்கலை ஆன்லைனுக்கு மாற்றி 'அ'வுக்குப் பதில் அதற்குத் தெரிந்த ஆங்கில 'ஏ'வைத் தட்டினேன். எழுத்து முனையத்தை விட்டு வெளியே போய், அந்த ஒயரைச் சுற்றிக்கொண்டு, திரும்பி வந்து பச்சையாகத் திரையில் நின்றது.