கத்திரி வெயிலில் பவளத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும்போது

தண்ணீர் மாற்றிய மறுநாள் பவளங்கள் சுருங்கிக் கிடந்தால் உடனே தண்ணீரில் கரைக்கும் கடல் உப்பின் பிராண்டை மாற்றுகிறார்கள். மதுரைப் பக்கத் தொட்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது வேறு: புதுத் தண்ணீரின் சூடு, உப்பளவு, கே.எச் (தண்ணீரில் உள்ள கார்பனேட் அளவு). இந்த மூன்றும் தொட்டியோடு ஒத்துப்போனால் பவளத்துக்குத் தண்ணீர் மாறியதே தெரியாது.

சமையலறை ஆர்ஓ தண்ணீர் போதாது. குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று அதில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடுவார்கள். 20 லிட்டர் கேன் தண்ணீரையும், கரைந்த உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள், பூஜ்யம் காட்டாது. ஆர்ஓவுக்குப் பின்னால், மிச்சமுள்ள உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்று அவசியம். மீட்டர் 0-வை விட்டு ஏறத் தொடங்கியதும் ரெசினை மாற்றுங்கள். இல்லாவிட்டால் சிலிகேட்டும் நைட்ரேட்டும் கூடவே வந்து பாசியாக நிற்கும்.

200 லிட்டர் தொட்டிக்கு வாரம் 20 லிட்டர் மாற்றினால் போதும். தனி டிரம்மில் முதலில் தண்ணீர், அதற்குள் பம்ப் ஓடவேண்டும், பிறகு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். 700 கிராமில் தொடங்கி, உப்பளவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 35 பி.பி.டி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) காட்டும்வரை சேர்த்துக்கொண்டே வாருங்கள். அந்தக் கருவியை 35 பி.பி.டி கரைசல் வைத்தே சரிசெய்யவேண்டும், ஆர்ஓ தண்ணீர் வைத்து அல்ல.

நம் ஊரில் பெரிய வம்பு சூடுதான். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் 34 டிகிரியை எளிதாகத் தொடும். அந்தச் சூட்டில் உப்பைக் கரைத்தால் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், கே.எச் இறங்கிவிடும். 26 டிகிரித் தொட்டியில் 34 டிகிரித் தண்ணீர் 20 லிட்டர் போனால் 0.8 டிகிரி ஏறும், அதைத் தாங்கிக்கொள்ளும். ஒரேயடியாக 60 லிட்டர் போனால் 2.4 டிகிரி ஏறும், அது ஆபத்து. மூடிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைத்து, கலக்கும் டிரம்மில் மிதக்கவிடுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போட்டால் உப்பளவு இறங்கிவிடும்.

கே.எச் கணக்கும் இதே மாதிரிதான். தொட்டியில் 8, புதுத் தண்ணீரில் 12 என்றால், பத்து சதவீத மாற்றத்தில் 0.4 ஏறும். முப்பது சதவீதத்தில் 1.2. ஒரு நாளில் 0.5-க்கு மேல் ஏறவிடாதீர்கள். இந்தக் கணக்குக்காகவே சொல்கிறோம், சிறுகச் சிறுக மாற்றுவதே நல்லது.

காலையில், லைட் எரிவதற்கு முன் செய்யுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் வேண்டவே வேண்டாம். முதல் வேலை, தானாக நல்ல தண்ணீர் விடும் ஏடிஓ-வை நிறுத்துவது. இதை மறப்பவர்கள்தான் அதிகம். சம்பில் (பவளத் தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) மட்டம் குறைந்ததும் அது 5 லிட்டர் நல்ல தண்ணீரை விட்டுவிட்டால், 35 பி.பி.டி 34.1 ஆகிவிடும். அடுத்து சம்பிலிருந்து தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் பம்ப், ஹீட்டர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வறண்டு ஓடும் பம்ப் எரிந்துபோகும், தண்ணீருக்கு வெளியே சூடேறும் ஹீட்டர் கண்ணாடி விரிசல் விடும்.

குழாய் வைத்து அழுக்கை உறிஞ்சுங்கள், ஆழமான மணலைக் கிளறாதீர்கள். மேலே இருக்கும் பவளங்கள் காற்றில் தெரியாத அளவோடு நிறுத்துங்கள். புதுத் தண்ணீரைச் சம்பில் மெதுவாக ஊற்றுங்கள், பவளத்தின் தலையில் ஊற்றாதீர்கள். எல்லாவற்றையும் மறுபடி ஓடவிட்டதும் ஸ்கிம்மர் சில மணி நேரம் நுரை பொங்கும், கோப்பையை உயர்த்தி வையுங்கள்.

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவதும் உண்டு. கரைத் தண்ணீரில் சேறும் படகு எண்ணெயும் கலந்திருக்கும், வேண்டாம். கூடவே யாராவது கல் பவளம் தந்தால் கையில் வாங்காதீர்கள். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

மாற்றி முடித்த பின் பாலிப்கள் (பவளத்தின் மேலுள்ள சின்னஞ்சிறு உயிர்கள்) சில மணி நேரம் மூடியிருப்பது இயல்பு. மறுநாளும் திறக்காவிட்டால் முதலில் உப்பளவு, அடுத்து கே.எச், பிறகு சூடு என்று அளந்து பாருங்கள். பதறிப்போய் மறுபடி பெரிய அளவில் தண்ணீர் மாற்றாதீர்கள், இரண்டாவது அதிர்ச்சியில்தான் பவளம் வெளுக்கத் தொடங்கும்.