மருந்து வெச்சது யாருங்கிறது அப்புறம்

காடெல்லாம் காய்ந்து கிடந்த பிறகு ஒரு உழவு மழை பெய்தால் போதும், காங்கேயம், வெள்ளகோவில் பக்கமிருந்து எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "டாக்டருங்க, காத்தால நல்லா இருந்த மாடுங்க. பக்கத்துக் காட்டுக்காரன் மருந்து வெச்சுப்போட்டானுங்க." மாடு கடைசியாக என்ன தின்றது என்று கேட்டால் பதில் வராது. வேலித் தகராறு மட்டும் விலாவாரியாக வரும்.

போன வாரமும் அதேதான். நான் போவதற்குள் தண்ணித்தாழியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். ஜேசிபி குழி தோண்டிக்கொண்டிருந்தது. கட்டுத்தறியில் கயிறு அறுந்து கிடந்தது. காட்டில் அறுத்த சோளம் தாளிலிருந்து மறுபடி துளிர்த்து, அதாவது மறுதாம்பு விட்டு, முழங்கால் உயரம்கூட இல்லை. நுனியெல்லாம் புதிதாகக் கடித்த தடம். செத்த மாட்டை அறுத்துப் பார்த்தால் ரத்தம் செக்கச்செவேல். இளஞ்சோளப் பயிரிலேயே இருக்கிற சயனைடு நஞ்சு. பூ எடுக்காத சோளத்தில் மாட்டை விடாதீர்கள் என்று முகாமுக்கு முகாம் கத்துகிறோம். உயிர் இருக்கும்போதே கூப்பிட்டிருந்தால் முறிவு மருந்தாக சோடியம் நைட்ரைட்டும் தயோசல்ஃபேட்டும் ஏற்றிப் பார்த்திருக்கலாம்.

"வாயில நுரை வந்துச்சுங்க, அப்ப விஷம்தானுங்களே?" இல்லை. வயிறு உப்பிச் செத்தாலும் நுரை வரும், பூச்சிமருந்துக்கும் வரும். செத்து வெயிலில் கிடந்தாலே மூக்கில் வாயில் ஏதாவது வடியும். நுரையை வைத்து ஒரு ஆளைக் குற்றவாளி ஆக்க முடியாது. என்னென்ன காரணம் இருக்கலாம் என்று எல்லாவற்றையும் முன்னால் வைத்து, பொருந்தாததை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். நீங்களோ ஆளை முடிவு செய்துவிட்டு, அதற்குச் சர்டிபிகேட் எழுதத்தான் என்னைக் கூப்பிடுகிறீர்கள்.

"லேபுக்கு அனுப்புங்க, எல்லாம் தெரிஞ்சுரும்" என்பது இன்னொன்று. எந்த நஞ்சு என்று நாங்கள் சந்தேகம் எழுதி அனுப்பினால் லேப் அதைத் தேடும். சயனைடோ ஆவியாகிவிடும், காற்றுப் புகாமல் அடைத்து உடனே குளிரில் வைக்காவிட்டால், 'இல்லை' என்று வரும் ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே கிடையாது.

அதனால், செத்த மாட்டை நகர்த்தாதீர்கள். தாழி, தீவனம், பக்கத்தில் கிடக்கும் டப்பா எதையும் தொடாதீர்கள். மற்ற மாடுகளை அந்தக் காட்டிலிருந்து முதலில் பிரித்துக் கட்டுங்கள். மூக்கிலும் பின்புறத்திலும் உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் கத்தியே வைக்கக் கூடாது, நாங்களும் வைக்க மாட்டோம், அடைப்பான் நோயாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். திறந்துவிட்டால் அந்தக் கிருமி வித்தாகி மண்ணில் பல்லாண்டு கிடக்கும். காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பதோடு சரி.

போலீசுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போவதற்கு முன், அன்று மாட்டை அவிழ்த்துக் கட்டியவரை, அது வீட்டு அம்மாவாக இருக்கும், பண்ணையத்து ஆளாக இருக்கும், பேச விடுங்கள். திட்டு விழும் என்று பயந்து கயிறு அறுந்ததை அவர்கள் சொல்வதே இல்லை. நான் வரும்போது அவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.