காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் பாவ்ரொட்டிக் கணக்கு

காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் பெண்கள் சேர்ந்து மின்சார அடுப்பில் பேக்கரி நடத்துவதானால் முதலில் மாற்ற வேண்டியது அளவுக் கணக்கு. நேபாளச் சமவெளியில் உள்ள வீர்கஞ்சில் சரியாக வரும் பாவ்ரொட்டியின் (அச்சில் சுடும் மைதா ரொட்டி) கணக்கை அப்படியே கோகனாவுக்கோ புங்கமதிக்கோ கொண்டுபோனால் ரொட்டி அடுப்பில் புசுபுசுவென்று எழும்பி, வெளியே எடுத்ததும் நடுவில் குழிந்துவிடும். பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்களின் இந்த ஊர்கள் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட 14 சதவீதம் குறைவு என்பதால், ஈஸ்ட் விடும் அதே அளவு வாயு அங்கே கூடுதல் இடத்தைப் பிடிக்கிறது. மாவின் பசைத்தன்மை இறுகுவதற்குள் குமிழ்கள் அளவுக்கு மீறி விரிந்து உடைந்துவிடும்.

பரிகாரம் எளிது: ஈஸ்டைக் கால் பங்கு குறைக்க வேண்டும். 5 கிலோ மைதாவுக்குச் சமவெளியில் 50 கிராம் உலர் ஈஸ்ட் என்றால், இங்கே 38 கிராம் போதும். உப்பு 100 கிராம், சர்க்கரை 250, எண்ணெய் 200, தண்ணீர் 3.1 லிட்டர். இதில் 450 கிராம் உருண்டைகள் 19 கிடைக்கும். உப்பைக் குறைத்தால் ஈஸ்டுக்குக் கடிவாளம் இருக்காது. பெண்கள் முறைவைத்து நடத்தும் பேக்கரியில் இன்று பிசைபவர் வேறு, நாளை பிசைபவர் வேறு. கையளவு ஆளுக்கு ஆள் மாறும். முதலில் வாங்க வேண்டியது நல்ல தராசு, அடுத்தது வெப்பமானி. மிக்சர் எல்லாம் பிறகுதான்.

பிசைந்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும். 26-ஐ மூன்றால் பெருக்கி, வரும் 78-இல் அறையின் சூடு, மைதாவின் சூடு, கையால் பிசைவதில் ஏறும் 3 டிகிரி ஆகியவற்றைக் கழித்தால் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பது தெரியும். ஜனவரி விடியற்காலையில் அறையும் மைதாவும் 8 டிகிரியில் இருந்தால் விடை 59. அதில் நேரே விழுந்த ஈஸ்ட் செத்துவிடும். முந்தின இரவே மைதா மூட்டையை அடுப்பறைக்குள் வைத்து, இரண்டையும் 15-க்குக் கொண்டுவந்தால் 45 டிகிரித் தண்ணீர் போதும். அப்போதும் ஈஸ்டை மைதாவில்தான் கலக்க வேண்டும்.

நேவார் வீடுகளில் நொதித்தல் புதிதல்ல. மார்ச்சா என்ற நொதிக்கட்டி கொண்டு அரிசியில் தோன் என்னும் மது தயாரிப்பது வழிவழியாகப் பெண்கள் கைவேலை. ஆனால் மார்ச்சாவில் ஈஸ்டோடு பூஞ்சையும் உண்டு. அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால் ரொட்டியின் உள்பகுதி பிசுபிசுத்துவிடும். யோமரி என்ற கொழுக்கட்டைக்கு அரிசிமாவை வெந்நீர் விட்டுப் பிசைகிறார்களே, அங்கே மாவைப் பிடித்துவைப்பது வெந்த மாவுச்சத்து. ரொட்டியில் அந்த வேலை கோதுமையின் குளூட்டனுடையது. அரிசியிலும் கேழ்வரகிலும் அது கிடையாது. கேழ்வரகு ரொட்டி போடுவதானால் மைதாவில் 20 சதவீதத்துக்கு மேல் மாற்றாமல் இருப்பது நல்லது. தண்ணீரைச் சற்றே கூட்டிக்கொள்ளலாம்.

மாவு பொங்க எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்ப்பதில் பயனில்லை. விரலால் அழுத்தினால் குழி மெல்ல, பாதியளவு மேலெழ வேண்டும். சட்டென்று எழுந்தால் இன்னும் காத்திருக்கலாம். எழவே இல்லையென்றால் நேரம் தாண்டிவிட்டது. மறுபடி உருட்டிப் பொங்கவிடலாம்.

அச்சில் இட்ட 450 கிராம் ரொட்டிக்கு 200 டிகிரியில் சுமார் அரை மணி. தண்ணீர் இங்கே 96 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் ரொட்டியின் நடுவே 93 காட்டினால் வெந்துவிட்டது என்று பொருள். 96 ஏற வேண்டும் என்று காத்திருந்தால் வறண்டுபோகும்.

2015-இல் இந்திய எல்லை முடங்கியபோது எரிவாயு சிலிண்டர் கிடைக்காமல் நேபாளம் திண்டாடியது. அதை நினைத்தால் மின்சார அடுப்பு நல்ல யோசனைதான். ஒரு சிக்கல்: மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200-க்கு இறங்கினால் 6 கிலோவாட் அடுப்பு ஏறக்குறைய 4.5 கிலோவாட்தான் தரும். ஊரே விளக்கும் ஹீட்டரும் போடும் மாலை வேளையைத் தவிர்த்து, விடியற்காலையில் சுடுவதே நல்லது.

மழைக்காலத்தில் சூடாக உறையிலிட்டால் உள்ளே நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். இன்னொரு தொல்லை, அடுப்புச் சூட்டையும் தாங்கும் பேசிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள். இரண்டாம் நாளே உள்பகுதி நூலாக இழுபடும், அழுகிய பழ வாடை அடிக்கும். 5 கிலோ மைதாவுக்கு 40 மில்லி வினிகர் சேர்த்தால் இதைத் தடுக்கலாம். வந்துவிட்டால் பழைய ரொட்டித் தூளையெல்லாம் அகற்றி, மேசையையும் அச்சுகளையும் வினிகர் தண்ணீரால் துடைத்தெடுக்க வேண்டும்.