புல்லுக்கு முன் பசியாறும் நுண்ணுயிர்கள்

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். புது வீட்டின் முன்புறத்தைக் கொத்தி, தென்னை நார்த்தூளை நிறையப் போட்டு, கொஞ்சம் தொழுவுரமும் கலந்து அருகம்புல் விதை தூவினாராம். பச்சென்று முளைத்த புல் மூன்றாவது வாரம் மஞ்சளாகிவிட்டது. இயற்கை உரம் புல்வெளிக்குப் பத்தாதா, யூரியாதான் போட வேண்டுமா என்பது அவர் கேள்வி.

யூரியா வேண்டாம். சிக்கல் பெரும்பாலும் அந்த நார்த்தூளில்தான்.

அருகம்புல் விதை மிகச் சிறியது. ஒரு கிராமில் ஏறக்குறைய 4,000 விதைகள் இருக்கும். உள்ளே இருக்கும் சேமிப்பு முதல் இலைகளை விரிக்கத்தான் போதும். அப்புறம் வேர் மண்ணிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, எடுக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ. கடலைப் புண்ணாக்கு மாதிரி இயற்கை உரத்தில் இருப்பதோ புரதம். அதை உடைப்பவை பாக்டீரியாவும் பூஞ்சையும். அவை தம் பசிக்காக அந்த வேலையைச் செய்கின்றன.

மண் அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இங்கேதான் வருகிறது. பாக்டீரியாவின் உடலில் சுமார் 8 பங்கு கார்பனுக்கு 1 பங்கு தழைச்சத்து இருக்கிறது. தின்னும் கார்பனில் மூன்றில் இரண்டு பங்கு மூச்சோடு கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். ஆக, 8 பங்கு உடம்பில் ஒட்ட 24 பங்கு தின்ன வேண்டும். அந்த 24 பங்கோடு 1 பங்கு தழைச்சத்தும் வந்தால் கணக்கு நேராகிவிடும்.

மக்காத நார்த்தூளிலோ 1 பங்கு தழைச்சத்துக்கு 100 பங்குக்கு மேல் கார்பன். இலை நிறையச் சோறு, குழம்பு ஒரு கரண்டி! என்ன செய்யும் பாக்டீரியா? மண்ணில் கரைந்திருக்கும் அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் இழுத்துக்கொள்கிறது. இளம் வேரால் அதனோடு போட்டி போட முடியாது. புல் வெளுக்கிறது.

கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து 7 சதவீதம் அளவுக்கு உண்டு. அங்கே பாக்டீரியாவுக்குத் தேவைக்கு மேல் கிடைப்பதால் மிச்சத்தை அம்மோனியமாக வெளியே தள்ளுகிறது. புல் வாழ்வது அந்த மிச்சத்தில். பாக்டீரியாவுக்குள் சிக்கியதும் தொலைந்துபோவதில்லை. புரோட்டோசோவாக்கள் என்ற ஒற்றைச் செல் உயிர்கள் பாக்டீரியாவைத் தின்று, தமக்கு வேண்டாத தழைச்சத்தை மண்ணுக்கே திருப்பித் தருகின்றன. மண்ணுக்கடியில் ஓயாமல் நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இயற்கை உரம் மெதுவானது என்பது குளிர்நாட்டுப் பேச்சு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் நுண்ணுயிர்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். புதுச்சேரி, கடலூர் மண் வருடம் முழுக்கச் சூடு. அதே வேகத்தில் நைட்ரேட்டும் உருவாகிவிடுவதால், வீராம்பட்டினம், தேவனாம்பட்டினம் மாதிரி கடலோர மணலில் ஐப்பசி மழை அதைக் கீழே இறக்கிவிடும். வேப்பம் புண்ணாக்கு நைட்ரேட் உண்டாக்கும் பாக்டீரியாவை மந்தப்படுத்துகிறது. யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுவதும் இதற்காகத்தான்.

ஒரு ஆதங்கம். மண்ணைச் சோதித்து விவசாயிகளுக்கு அரசு தரும், 2015இல் வந்த மண்வள அட்டையில் 12 அளவீடுகள் இருக்கின்றன. மண் எவ்வளவு மூச்சுவிடுகிறது என்பது அதில் இல்லை. உயிருள்ள மண்ணை அளக்கும் ஆய்வுக்கு அரசு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சரி, வாசகிக்கு. புல்லைப் பிடுங்க வேண்டாம். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, நீர்க்கக் கரைத்து, சில நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். புதிதாக விதைப்பவர்கள் மக்கிய நார்க்கழிவையே கேட்டு வாங்குங்கள். 100 சதுர அடிக்கு 700 கிராம் கடலைப் புண்ணாக்கு போதும். சுமார் 50 கிராம் தழைச்சத்து கிடைக்கும். அதை விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே மண்ணில் கலந்து நனைத்துவிடுங்கள். விதையோடு சேர்த்துப் போட்டால் கிளம்பும் அம்மோனியா முளையையே கருக்கிவிடும்.