திரும்பி வராத ஈரம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், அதபாஸ்கா ஆற்றை ஒட்டிய ஊசியிலைக் காட்டின் பெரும்பகுதியில் நம் கால் படுவது மண்ணின் மேல் அல்ல. ஸ்பாக்னம் என்னும் பாசியும் பிற செடிகளும் பல்லாயிரம் ஆண்டுகளாக மடிந்து படிந்து, நனைந்த பஞ்சுபோல் நீரைத் தேக்கி வைத்திருக்கும் பீட் என்னும் படிவின் மேல். குளிரும் ஆக்சிஜன் இல்லாத ஈரமும் அதை முழுதாக மட்க விடாததால், செடிகள் காற்றிலிருந்து எடுத்த கரிமம் அங்கேயே தங்கிவிடுகிறது. நூறாண்டு கடந்த கருப்பு ஸ்புரூஸ் மரமும் அதன்மேல் சில வேளைகளில் மணிக்கட்டுப் பருமனுக்குத்தான் வளர்ந்திருக்கும்.

இதற்கு அடியில் இருப்பது, எண்ணெயாக மாற்றப்படும் பிட்டுமென் என்ற கெட்டித் தார் கலந்த மணல். ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டு டன் மணல் தேவை. சுரங்கம் தோண்டுமுன் நீரை வடித்து, மரங்களை வெட்டி, பீட்டைச் சுரண்டி எடுக்கிறார்கள். சுரங்கத் தொழிலில் இந்த மேலடுக்குக்கு 'மேற்சுமை' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. ஒரு காட்டின் உயிர்நிலையை இப்படி அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1967 முதல் வணிக அளவில் நடந்துவரும் முறைப்படி, மணலை வெந்நீரில் கலக்கிப் பிட்டுமெனைப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் நீரில் நுண்களிமண்ணும் தார் எச்சமும் நாப்தீனிக் அமிலங்கள் என்னும் நச்சுப் பொருள்களும் இருக்கும். கழிவுக் குளங்களில் மணல் விரைவில் அடியில் தங்கிவிட, களிமண் மட்டும் தயிர்ப் பதத்தில் பல பதிற்றாண்டுகள் நீரை விடாமல் நிற்கிறது. 2008 ஏப்ரலில் அத்தகைய ஒரு குளத்தில் இறங்கிய வாத்துகளில் 1,600-க்கும் மேற்பட்டவை தார் அப்பி மடிந்தன.

தோண்டிய இடத்தை மீட்டுத் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் கழிவு மணலிலிருந்து கசியும் உப்பை ஸ்பாக்னம் தாங்காது. சுரண்டிய பீட்டை உலர்ந்த மேட்டில் பரப்பினால் அது மட்கிக் கரிமத்தைக் காற்றில் விடும். ஆகவே சதுப்பு இருந்த இடத்தில் பெரும்பாலும் மேட்டுக் காடே எழுகிறது. அதுவரை ஒப்புதல் பெற்றிருந்த சுரங்கங்களால் ஏறக்குறைய 29,500 ஹெக்டேர் பீட் நிலம் இழக்கப்படும் என்றும், அதில் தேங்கியுள்ள கரிமத்தில் 1.14 கோடி முதல் 4.73 கோடி டன் வரை வெளியேறும் என்றும் 2012-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

எடுக்கத்தக்க பிட்டுமென் இருப்பில் ஐந்தில் நான்கு பங்கு தோண்ட முடியாத ஆழத்தில் உள்ளது. அங்கே நீராவியைச் செலுத்தித் தாரை இளக்கி உறிஞ்சுவதால் பெருங்குழி விழுவதில்லை. ஆயினும் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று அறிவதற்காகக் காட்டினூடே நேர்கோடாக வெட்டிய ஆய்வுத் தடங்கள் ஓநாய்களுக்கு நடைபாதையாகிவிட்டன. முன்பு சதுப்பின் நடுவே லைக்கன் என்னும் பாசிபோன்ற உயிரியை மேய்ந்து ஒதுங்கி வாழ்ந்த கரிபூ மான்கள் இப்போது எளிதில் இரையாகின்றன. பல பதிற்றாண்டுகள் கடந்தும் அத்தடங்களில் மரம் முளைக்காமல் இருப்பதற்குக் காரணம், இயந்திரங்களின் எடையில் பாசித் திட்டுகள் அமுங்கி, நீர்மட்டத்தோடு நிலம் ஒட்டிவிட்டதே. அதனால்தான் இப்போது அங்கே பீட்டைக் குவித்து முழங்கால் அளவுக்குச் சிறு மேடுகள் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஸ்புரூஸ் கன்றை வேர் மூழ்காதபடி நட்டுவருகிறார்கள்.